எழுபதுக்கு அறுபத்திரண்டு



இது நீளமான பதிவு, முன்பே சொல்லிவிடுகிறேன். பேரன் படத்துக்கு லைக் போட்டுவிட்டு நகர்கிறவர்கள் இன்று மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் சுருக்குப்பையில் கிடக்கும் பழைய வெள்ளி ரூபாய்களைப் பற்றிய விஷயம் இது.

எனக்கு நாணயம் சேர்க்கும் பழக்கம் உண்டு என்பது என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும். ஒப்படர்த்திப் பாடத்துக்கு விக்டோரியா ரூபாயை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதனால்தான் இரண்டு மூன்று வருஷமாக உள்பெட்டியில் ஒரே மாதிரியான படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு நாணயம், மேலே ஒரு சீட்டு, சீட்டில் ஓர் எண். "சார், எம்.எஸ். 62 வந்திருக்கு. நல்லதா?" என்று கேள்வி. நல்லதா கெட்டதா என்று சொல்வதற்கு முன்னால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டாமா?

தெரியாதவர்களுக்காக: இதற்கு கிரேடிங் என்று பெயர். நாணயத்தை ஒரு நிறுவனத்துக்குக் கட்டணத்தோடு அனுப்புகிறோம். அவர்கள் அது அசலா போலியா என்று பார்ப்பார்கள். பிறகு அதன் தேய்மானம், கீறல், பளபளப்பு எல்லாவற்றையும் பார்த்து ஒன்று முதல் எழுபதுக்குள் ஒரு மதிப்பெண் போடுவார்கள். போட்டு, ஸ்லாப் என்ற அந்தப் பெட்டிக்குள் வைத்து ஒட்டி அனுப்புவார்கள். உலகத்தில் பெரியவை இரண்டு, இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். 1986இல் வந்தது பி.சி.ஜி.எஸ்., 1987இல் வந்தது என்.ஜி.சி. நம் ஊர் சேகரிப்பாளர்கள் பேசுவதும் பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றித்தான்.

ஏன் எழுபது? பிளஸ் டூ இயற்பியல் எழுத்துத் தேர்வுக்கும் எழுபது மதிப்பெண்தான், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் தொழிலில் உளவியலாளர், மனிதர்களின் உடல்வாகை மூன்று வகையாகப் பிரித்தவர். படுமோசமாகத் தேய்ந்த காசுக்கு ஒரு டாலர் விலை என்றால், அச்சடித்த அன்று இருந்தது போலவே இருக்கும் காசுக்கு எழுபது டாலர் கிடைக்கும் என்பது அன்றைய சந்தையில் அவருடைய கணக்கு. எழுபது என்ற எண் அங்கிருந்துதான் வந்தது. கவனியுங்கள் பிள்ளைகளே, அது நாணயத்தின் நிலையை அளந்த எண் அல்ல, விலையின் விகிதம். அதுவும் 1793 முதல் 1814 வரையிலான ஒரே ஒரு வகைச் செப்புக்காசின் விலை. அந்தச் சந்தைக் கணக்கு சில வருஷங்களிலேயே செத்துப்போனது, எண் மட்டும் உயிரோடு இருக்கிறது. இன்று தங்கத்துக்கும் வெள்ளிக்கும், ரோமாபுரிக் காசைத் தவிர மற்ற எல்லா நாட்டு நாணயத்துக்கும் அதைத்தான் ஒட்டுகிறார்கள்.

(ஓர் இடைச்செருகல். இந்த ஷெல்டன் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல சென்ட் காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னிடமிருந்த மட்டமான காசுகளை வைத்துவிட்டார் என்று அவர் இறந்த பிறகு தெரியவந்தது. நூற்றுக்கும் மேல். அளவுகோலைக் கொடுத்தவரின் கை இப்படி.)

இனி என் பாடத்துக்கு வருகிறேன். மீச்சிற்றளவு என்றால் என்ன? ஒரு கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு. சாதாரண அளவுகோலுக்கு ஒரு மில்லிமீட்டர், வெர்னியர் அளவிக்கு 0.1 மில்லிமீட்டர், திருகு அளவிக்கு 0.01 மில்லிமீட்டர். மர ஸ்கேலை வைத்துக்கொண்டு 4.37 சென்டிமீட்டர் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினால் நான் என்ன செய்வேன்? சிவப்பு மையால் கோடு போட்டு, "அந்த 7 எங்கிருந்து வந்தது?" என்று கேட்பேன். ஐந்து தடவை அளந்து ஐந்து விதமாக வந்தால், அந்த வேறுபாட்டைவிட நுட்பமாகப் பேச உனக்கு உரிமை இல்லை என்பேன்.

இந்த நிறுவனங்களிடம் என் கேள்வியும் அதேதான்.

புழக்கத்துக்கே வராத, தேயாத நாணயத்துக்குத்தான் எம்.எஸ். என்ற எழுத்தும் 60 முதல் 70 வரை எண்ணும். அமெரிக்க நாணயவியலாளர்களின் அமைப்பு 1970களில் இந்த அளவுகோலை எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் எடுத்துக்கொண்டபோது இந்தப் பகுதியில் மூன்றே படிகள் இருந்தன: 60, 65, 70. கண்ணால் பார்த்துச் சுமார், நன்று, குறையே இல்லை என்று பிரிப்பது. அது நியாயம், யாரும் செய்யலாம். 1980களின் நடுவில் அதைப் பதினொரு படியாக உடைத்தார்கள். 2010இல் அதுவும் போதாமல் 64க்கும் 65க்கும் நடுவில் "64 பிளஸ்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இடையில் கருவி ஏதாவது மாறியதா? இல்லை. அதே மேசை விளக்கு, அதே மனிதக் கண், ஒரு நாணயத்துக்குச் சில வினாடிகள். கோடுகள் மட்டும் நெருங்கிக்கொண்டே போகின்றன. மர ஸ்கேலில் பேனாவால் நாமே நடுவில் கோடு கிழித்துக்கொண்டு வெர்னியர் என்று விற்பது போல.

வேறுபாடு எவ்வளவு என்று நான் ஊகமாகச் சொல்லவில்லை. 2003இல் அமெரிக்காவின் காயின் வேர்ல்டு பத்திரிகை ஒரே நாணயங்களைப் பல நிறுவனங்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தது. எந்த ஒரு நாணயத்துக்கும் எல்லோரும் ஒரே எண்ணைப் போடவில்லை. சிலவற்றில் ஏழு புள்ளி வரை வித்தியாசம். அதற்கும் முன்னால், 1990இல், அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம், தன் தரப்படுத்தல் மாறாதது, புறவயமானது என்று பி.சி.ஜி.எஸ். விளம்பரம் செய்தது மிகை என்று வழக்குப் போட்டது. சமரசத்தில் முடிந்தது. வழக்கு முடிந்தது, தொழில் வளர்ந்தது.

ஏழு புள்ளி தள்ளாடும் தராசில் அரைப் புள்ளிக்குக் கோடு. நாணயம் அதேதான், 65லிருந்து 66 ஆனால் விலை இரண்டு மடங்காவதும் உண்டு, பல மடங்காவதும் உண்டு. அந்த ஒற்றை எண்ணின் மேல்தான் பணம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

நானும் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவன். மதிப்பீட்டு முகாமில் எங்களுக்கும் கை தள்ளாடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாகவே தள்ளாடும். அதனால்தான் விடைக்குறிப்பு இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் இத்தனை மதிப்பெண் என்று இருக்கிறது, மேலே முதன்மைத் தேர்வாளர் இருக்கிறார். மாணவன் கேட்டால் விடைத்தாள் நகல் கொடுத்தாக வேண்டும். எந்த வரியில் அரை மதிப்பெண் போனது என்று பையன் பார்த்துக்கொள்ளலாம். இங்கே? 62 என்றால் 62. எந்தக் கீறலுக்காக, எந்த மங்கலுக்காக என்று ஒரு வரி கிடையாது. ஏன் என்று கேட்டால், மறுபடி அனுப்பு, மறுபடி கட்டணம் கட்டு.

கட்டணத்தையும் பாருங்கள். நாணயத்தின் விலை ஏற ஏறக் கட்டணப் பிரிவும் ஏறும். பார்க்கும் கண் அதே, எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதே. உத்தரவாதம் தருகிறோம், காப்பீடு இருக்கிறது என்று காரணம் சொல்வார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனாலும் அப்பாவின் சம்பளத்தைப் பார்த்துத் தேர்வுக் கட்டணம் வாங்குகிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தால் நாம் என்ன சொல்வோம்?

இதில் பெரிய வேடிக்கை இதுதான்: தள்ளாட்டம் அவர்களுக்கு நஷ்டம் அல்ல, வருமானம். 64 வந்த நாணயத்தைப் பெட்டியை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பினால் 65 வரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கே அமெரிக்காவில் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒரே நாணயம் நாலு தடவை போகும், நாலு தடவையும் கட்டணம். 65 வந்ததும் நிறுத்திவிடுவார்கள். குறைந்த எண் வந்த சீட்டைப் பலர் திருப்பி அனுப்புவதில்லை, அதனால் "இந்தத் தரத்தில் இத்தனை நாணயங்கள் இருக்கின்றன" என்று நிறுவனம் வெளியிடும் பட்டியலில் ஒரே காசு இரண்டு மூன்று ஆளாக நிற்கும். தராசு ஒழுங்காக ஒரே எடையைக் காட்டினால் இந்த வியாபாரமே கிடையாது.

இன்னும் கேளுங்கள். பி.சி.ஜி.எஸ். தொடங்கியவர்களில் ஒருவர் ஜான் அல்பனீஸ். அங்கிருந்து வந்து என்.ஜி.சி.யைத் தொடங்கியவரும் அவர்தான். அதே மனிதர் 2007இல் மூன்றாவதாக ஒன்று தொடங்கினார், சி.ஏ.சி. என்று. வேலை என்ன? முதல் இரண்டு நிறுவனங்கள் ஏற்கெனவே எண் போட்டு அடைத்த அமெரிக்க நாணயங்களை மறுபடி பார்த்து, "இந்த எண் சரிதான்" என்றால் பெட்டி மேல் பச்சை ஸ்டிக்கர், "குறைவாகப் போட்டிருக்கிறார்கள்" என்றால் தங்க ஸ்டிக்கர் ஒட்டுவது. ஸ்டிக்கர் உள்ளதற்குச் சந்தையில் கூடுதல் விலை. அப்படியானால் ஸ்டிக்கர் இல்லாத 65 என்பதற்கு என்ன அர்த்தம்? அந்த எண்ணை அந்தத் தொழிலே நம்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு வாக்குமூலம் எதற்கு? 2023இல் அவர்களும் சொந்தமாகப் பெட்டியில் அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி அதற்கு மேல் ஸ்டிக்கர் ஒட்ட யாராவது வருவார்கள்.

2021இல் முதல் இரண்டின் தாய் நிறுவனங்களும் கைமாறின. ஒன்றைப் பெரிய முதலீட்டாளர்கள் பங்குச்சந்தையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றொன்றில் பெரும்பங்கை பிளாக்ஸ்டோன் வாங்கியது. நாணயத்தின் மேல் ஆசை வந்து வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

சரி, அமெரிக்கக்காரன் பாடு அவனோடு, நமக்கென்ன என்று கேட்பீர்கள். இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

என் பெரியம்மா மகள், உங்களில் பாதிப் பேருக்கு அவர் மதுரை அக்கா. அத்தான் நாற்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்து, டீ கூடக் குடிக்காமல் மிச்சம் பிடித்து, வெள்ளி ரூபாய் சேர்த்தவர். 1835 வில்லியம் ரூபாய், 1840 விக்டோரியா, 1862 எழுதிய ரூபாய்கள் மட்டும் ஏழெட்டு. 1862 என்ற ஆண்டையே 1874 வரை அச்சடித்தார்கள், பின்பக்கப் புள்ளிகளை எண்ணிப் பிரிக்க வேண்டும். அத்தான் எண்ணிப் பிரித்துத் தாள் உறையில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு அக்கா வீட்டு மராமத்துக்காக விற்கப் போனார். ஒரு வியாபாரி உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "ஸ்லாப் இல்லையா அம்மா? அப்படின்னா வெள்ளி விலைதான்" என்றிருக்கிறார். நாற்பது வருஷ அறிவுக்குக் கிலோ விலை. நல்லவேளை, அக்கா கொடுக்காமல் எனக்குப் போன் செய்தார்.

இது ஒரு பக்கம். மறுபக்கம், திருப்பூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன். தீபாவளி போனஸில் பன்னிரண்டு ரூபாய் நாணயங்களை ஓர் ஏஜென்ட் மூலம் கொடுத்தான். எந்த நிறுவனம் என்ற பெயர் இங்கே வேண்டாம். சில வாரம் என்றது மாதக்கணக்கில் இழுத்தது. வந்தபோது ஐந்துக்கு எண்ணே இல்லை. "டீடெய்ல்ஸ் – கிளீன்டு" என்று சீட்டு. சுத்தம் செய்யப்பட்டது, ஆகவே தரமில்லை என்று அர்த்தம். பெட்டியில் அடைபடுவதற்கு முன்னால் கிடைத்திருக்கக்கூடிய விலைகூட இப்போது கிடைக்காது, குற்றப்பத்திரிகையோடு திரும்பி வந்திருக்கிறதே.

நம் ஊரில் எந்த வெள்ளி ரூபாயைத்தான் சுத்தம் செய்யவில்லை? வெள்ளிக்கிழமை பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்து, விபூதி போட்டுத் துடைத்து, குங்குமம் வைத்த காசுகள் அவை. சவரனைக் காசுமாலையில் கோத்துக் கழுத்தில் போட்டார்கள். அது அந்தக் காசின் ஆயுள். (இனிமேல் தேய்க்காதீர்கள், அது உண்மையிலேயே மேற்பரப்பைக் கெடுக்கும். அந்த மட்டில் அவர்கள் சொல்வது சரி.) ஆனால் அந்த ஊர்க் கண்ணுக்கு இதெல்லாம் சேதம் என்ற ஒரே சொல்தான். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. யார் வெட்டினார்கள், எதற்காக என்பது இன்றும் ஆராய்ச்சி. நம் மண்ணுக்கும் ரோமாபுரிக்கும் நடந்த வாணிபத்தின் கையெழுத்து அந்த வெட்டு. வெட்டில்லாத பளபளப்பான காசு அதிக விலைக்குப் போகும், நமக்குச் சரித்திரம் சொல்வதோ வெட்டுப்பட்ட காசு. பழங்காலக் காசுகளுக்கு என்.ஜி.சி. தனிப் பிரிவு வைத்து வேறு முறையில் தரம் போடுகிறது. அந்தப் பிரிவில் காசு அசல் என்பதற்கே அவர்கள் பல வருஷம் உத்தரவாதம் தரவில்லை, அசல் என்று கருதுகிறோம் என்பதோடு சரி. பெட்டியின் பளபளப்பைப் பார்த்தால் யாருக்காவது அப்படித் தோன்றுமா?

இன்னொன்று, இது சட்டம், தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விக்டோரியா ரூபாய் அத்தனையும் அதில் வரும், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் வந்துவிட்டது. "வெளிநாட்டில் கிரேடிங் செய்து தருகிறோம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கண்காட்சியில் யாராவது பை பையாக வாங்கினால், எங்கே போகிறது, யார் கொண்டுபோகிறார்கள், எந்த அனுமதியில் என்று கேளுங்கள். பதில் நேராக வராவிட்டால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

அப்படியானால் இந்த நிறுவனங்களால் பிரயோஜனமே இல்லையா என்றால், இருக்கிறது. போலியைப் பிடிப்பதில் அவர்கள் கை தேர்ந்தது. 1939 ரூபாய் அபூர்வம், 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்குகிறார்கள். அதில் வெள்ளி சரியாக இருக்கும், எடை சரியாக இருக்கும், என் ஒப்படர்த்திச் சோதனையும் தேறிவிடும். அங்கே பழகிய கண் வேண்டும், அதற்குக் காசு கொடுப்பது தகும். அசலா போலியா என்பது ஆம், இல்லை என்று பதில் உள்ள கேள்வி. அந்தப் பதிலை மட்டும் விற்றால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? அதோடு, இப்போது பெட்டியையும் சீட்டையுமே போலியாகச் செய்து விற்கிறார்கள். ஆகவே பெட்டி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

எனக்கு இதில் மனசு ஆறாத விஷயம் பணம்கூட இல்லை. பெட்டிக்குள் போன காசை எடை போட முடியாது. விளிம்பை விரலால் தடவிப் பார்க்க முடியாது. 1911 ரூபாயில் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று ஊர் கொதித்து, அரசாங்கம் திரும்ப வாங்கி உருக்கிய கதையை உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் காசைக் கையில் வாங்கி, துதிக்கை எங்கே என்று பெஞ்சுக்குப் பெஞ்சு தேடினீர்கள். இன்று ஸ்லாப் வாங்குகிற பையன் யானையைத் தேடுவதில்லை. சீட்டைப் படிக்கிறான்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் ரூபாய் இருந்தால் முதலில் அளங்கள். 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும், கூடக்கூடாது. வெள்ளி 91.7 சதவீதம், ஒப்படர்த்தி சுமார் 10.3 வர வேண்டும். 1940க்குப் பிறகு வெள்ளி பாதிதான், அதோடு இதைக் குழப்பாதீர்கள். சவரன் 7.99 கிராம். ஆண்டு, மன்னர், புள்ளி, எழுத்து எல்லாவற்றையும் தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள், அத்தான் வைத்தது போல. சென்னையில் இருப்பவர்கள் மெட்ராஸ் காயின் சொசைட்டிக்காரர்களிடம் காட்டலாம், எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் போய்ப் பார்க்கலாம். விற்பதாக இருந்தால் மூன்று பேரிடம் விலை கேட்காமல் கொடுக்காதீர்கள். "ஸ்லாப் இல்லையென்றால் வெள்ளி விலை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்பவர் அந்த மூவரில் வேண்டாம்.

மதுரை அக்காவின் உறைகளை நானும் என் பழைய மாணவி ஒருத்தியும் சேர்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை நாற்பத்தாறு முடிந்தது. 1862இல் இரண்டு உறைகளின் புள்ளிக் கணக்கில் மட்டும் அத்தானுக்கும் எங்களுக்கும் ஒத்துப்போகவில்லை, படத்தைக் கீழே முதல் கருத்தில் போடுகிறேன். நல்ல கண் உள்ளவர்கள் பெரிதாக்கி எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.